ஈரான்: செய்திக்கு வெளியே ஒரு நாடு

நுழையும்முன்

உலக வரைபடத்தில் ஈரானைச் சுட்டிக்காட்டத் தெரியாதவர்க்கும் ஈரானைப் பற்றிய கருத்து ஒன்று இருக்கும். அணு உலை, பொருளாதாரத் தடை, கறுப்பு அங்கி, கைகளை உயர்த்தி முழக்கமிடும் கூட்டம் ஆகிய நான்கைந்து காட்சிகளால் ஆன கருத்து அது. அக்காட்சிகள் பொய்யானவை அல்ல. ஆயினும், ஏறத்தாழ ஒன்பது கோடி மக்களின் வாழ்வு அவற்றுள் அடங்கிவிடுவதில்லை. தம்மை ஆள்வோர் யார், எந்த வரம்புக்குள் ஆள வேண்டும் என்று அந்நாட்டு மக்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தமக்குள் வாதிட்டு வருகின்றனர். அந்த வாதத்தின் குரல்களை எடுத்துரைக்கிறது இவ்வுரைநடை.

ஒரு தோற்றம் உருவான விதம்

1979ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை மாணவர் குழு ஒன்று கைப்பற்றியது. அங்கிருந்தோருள் 52 பேர் 444 நாள்கள் பிணைக்கைதிகளாக வைக்கப்பட்டனர். பன்னாட்டுச் சட்டத்திற்கு முற்றிலும் புறம்பான செயல் இது. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்நாள்களை ஒவ்வொன்றாக எண்ணி, இரவுதோறும் சிறப்பு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. படப்பிடிப்புக் கருவிகள் தூதரக வாயிலை நோக்கியே நின்றன. வாயிலில் திரண்ட கூட்டமே ஈரான் என்று பார்ப்பவர் மனத்தில் பதிந்தது. அடுத்த தெருவில் ரொட்டி வாங்க நின்ற வரிசை எந்தத் திரையிலும் வரவில்லை. பாலத்தீனத்தில் பிறந்த அறிஞர் எட்வர்டு செய்த் 1981இல் வெளியிட்ட 'கவரிங் இஸ்லாம்' என்னும் நூல், இச்செய்தி அளிப்பை விரிவாக ஆராய்ந்தது.

இருபதாண்டுகள் கழிந்தும் அத்தோற்றம் மாறவில்லை. 2001 செப்டம்பரில் நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபோது, உயிரிழந்தோர்க்காகத் தெஹ்ரான் இளைஞர்கள் தெருவில் மெழுகுவத்தி ஏந்தி நின்றனர். நான்கு மாதங்களுக்குப் பின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தம் உரையில் ஈரானைத் 'தீமையின் அச்சு' நாடுகளுள் ஒன்றாக அறிவித்தார். அந்தச் சொற்றொடர் உலகெங்கும் நினைவில் நிற்கிறது. மெழுகுவத்திகளை நினைவில் கொண்டிருப்போர் சிலரே.

ஈரான் அரசும் தன் பங்குக்கு நாட்டை ஒற்றை முகமாகவே காட்ட விரும்பியது. மக்கள் அனைவரும் ஒரே குரலில் பேசுவதாக அரசுப் பேரணிகள் காட்டின. வெளிநாட்டுச் செய்தி ஒரு நோக்கத்தாலும் உள்நாட்டு அரசு மறு நோக்கத்தாலும் வரைந்த படங்கள் இரண்டிலும் விடுபட்டோர் ஒருவரே: தம்முள் கருத்து மாறுபடும் ஈரானிய மக்கள்.

நிலமும் மக்களும்

ஈரான் ஏறத்தாழ 16 இலட்சத்து 48 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இந்தியாவின் பரப்பில் சரிபாதி எனலாம். மேற்கே சாக்ரோசு மலைத்தொடரும் வடக்கே அல்போர்சு மலைத்தொடரும் அரண்போல் நிற்க, நடுவே பெரும் பாலைநிலங்கள் விரிந்துள்ளன. கிரேக்கர், பார்சு என்னும் மாநிலத்தின் பெயரை நாடு முழுமைக்கும் வழங்கியதால் வெளியுலகம் இதனைப் பாரசீகம் என்றழைத்தது. அந்நாட்டினர் தம் நாட்டை நெடுங்காலமாக ஈரான் என்றே வழங்கினர். பிற நாட்டு அரசுகளும் அப்பெயரையே பயன்படுத்த வேண்டுமென 1935இல் அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டது.

ஈரானை அரபு நாடு என்று கருதுவது பரவலான பிழை. பாரசீகம் இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. அரபியோ செமித்திய மொழி. ஈரானுக்குள்ளும் பாரசீகர் மட்டும் வாழவில்லை. துருக்கிய மொழி பேசும் அஜர்பைஜானியர், குர்துகள், லூர்கள், பலூச்சியர், அரபியர், துருக்மேனியர் எனப் பல இனத்தவர் வாழ்கின்றனர். மக்களுள் மிகப் பெரும்பான்மையினர் ஷியா முஸ்லிம்கள். நாடாளுமன்றத்தின் 290 இடங்களுள் 5 இடங்கள் சொராஸ்திரியர், யூதர், அசிரியர், ஆர்மீனியர் ஆகியோர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளன. இஸ்பஹான் நகரில் மசூதிகளின் நீலக் குவிமாடங்களுக்கு அருகிலேயே 17ஆம் நூற்றாண்டின் ஆர்மீனியத் தேவாலயம் ஒன்று இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதே நாட்டில் பஹாய் சமயத்தினர்க்குச் சட்ட ஏற்பு இல்லை. அவர்கள் பல உரிமைகளை இழந்து வாழ்கின்றனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமை பெறும்.

மண்ணுக்கடியில் ஓடும் நீர்

பாலைநிலத்தில் ஊர்கள் எவ்வாறு தோன்றின என்ற கேள்விக்கு விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 'கனாத்' எனப்படும் நிலத்தடிக் கால்வாய், ஈரானியர் உலகிற்கு அளித்த பெருங்கொடைகளுள் ஒன்று. மலையடிவாரத்தில் நீர் ஊறும் ஆழம்வரை ஒரு கிணறு தோண்டுவர். அது தாய்க் கிணறு. அதன் அடியிலிருந்து ஊரை நோக்கி, மிக மெல்லிய சரிவுடன் ஒரு சுரங்கம் குடைவர். மண்ணை வெளியேற்றவும் உள்ளே காற்று செல்லவும் இடையிடையே செங்குத்துக் குழிகள் அமைப்பர். சரிவு மிகுந்தால் நீரின் வேகம் சுவரை அரிக்கும். குறைந்தால் நீர் தேங்கும். கருவிகள் அருகியிருந்த காலத்தில், சிறு விளக்கின் ஒளியில் அச்சரிவைத் தவறாது குடைந்த தொழிலாளர் 'முகன்னி' எனப்பட்டனர். சுரங்கம் இடிந்து உயிரிழந்தோர் பலர்.

நீரை மேலே இறைக்கத் தேவையில்லை. வெயிலில் ஆவியாகும் இழப்பும் குறைவு. குனாபாது என்னும் ஊரிலுள்ள கனாத்தின் தாய்க் கிணறு 300 மீட்டருக்கும் ஆழமானது. அடியில் சிறு துளையிட்ட செப்புக் கிண்ணம் ஒன்றை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிடுவர். கிண்ணம் நிறைந்து மூழ்கும் நேரமே ஓர் அளவு. ஓர் உழவர்க்கு எத்தனை கிண்ணப் பொழுது நீர் என்பது எழுதி வைக்கப்படும். இரவும் பகலும் அக்கிண்ணத்தைக் காத்திருந்தவர் ஊரின் நம்பிக்கைக்கு உரியவர். ஒருவர் தனித்துத் தோண்டவோ தனித்துப் பேணவோ இயலாத நீர் இது. எனவே, பங்கீடும் கணக்கும் பேச்சும் வழக்கும் இச்சமூகத்தில் ஆழ வேரூன்றின. 2016இல் பதினொரு கனாத்துகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்ததால் கனாத்துகள் பல வறண்டன. வடமேற்கிலுள்ள ஊர்மியா ஏரி சுருங்கியது. இஸ்பஹானின் ஆறான சாயந்தே ருத் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கத் தொடங்கியது. 2021 நவம்பரில் உழவர்கள் அந்த வறண்ட ஆற்றுப்படுகையிலேயே கூடாரமிட்டு அமர்ந்து நீர் கேட்டுப் போராடினர். ஈரானிய அரசியல் என்பது அணு உலை மட்டுமன்று. மிகப் பலர்க்கு அது வாய்க்காலில் வர வேண்டிய தண்ணீர்.

மொழி பிழைத்த வரலாறு

7ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் சாசானியப் பேரரசை வீழ்த்தின. எகிப்து, சிரியா முதலிய நாடுகள் காலப்போக்கில் அரபி மொழி பேசும் நாடுகளாயின. ஈரான் இஸ்லாத்தை ஏற்றது. அரபி எழுத்தையும் ஏற்றது. மொழியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அரபியில் இல்லாத நான்கு ஒலிகளுக்கு நான்கு எழுத்துகளைச் சேர்த்து, 32 எழுத்துகளில் தன் மொழியை எழுதிக்கொண்டது. கி.பி. 1010 அளவில் பிர்தௌசி நிறைவு செய்த 'ஷாநாமா' ஏறத்தாழ 50,000 ஈரடிகளைக் கொண்ட பெருங்காப்பியம். இஸ்லாத்துக்கு முற்பட்ட அரசர்களின் கதைகளை அது பாடுகிறது. மகனென்று அறியாமல் சொராபைப் போர்க்களத்தில் கொன்ற தந்தை ருஸ்தமின் துயரம், தேநீர்க் கடைகளில் கதைசொல்லிகளால் தலைமுறை தலைமுறையாக நடித்துக் காட்டப்பட்டது.

14ஆம் நூற்றாண்டில் ஷிராஸ் நகரில் வாழ்ந்த ஹாபிசின் கவிதைத் தொகுப்பு இல்லாத ஈரானிய வீடு அரிது. ஆண்டின் மிக நீண்ட இரவான 'யல்தா' அன்று குடும்பத்தினர் கூடி மாதுளையும் தர்ப்பூசணியும் உண்பர். மனத்தில் ஒன்றை நினைத்து அந்நூலைக் கண்ட இடத்தில் திறந்து, வரும் பாடலைக் குறியாகக் கொள்வர். சமய ஒழுக்கம் பேசுவோரின் போலித்தனத்தை எள்ளி நகையாடிய கவிஞர் ஹாபிஸ். அவருடைய பாடலைச் சமயப் பற்று மிக்க மூதாட்டியும், சமயத்தை ஐயுறும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்து கேட்கும் நாடு அது.

உமர் கய்யாம் தமிழர்க்கு நன்கு அறிமுகமானவர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் இனிய தமிழில் அவரைப் பாடினார். ஆனால், கவிமணிக்குக் கிடைத்த மூலம் பாரசீகம் அன்று. பிட்ஜெரால்டு 1859இல் வெளியிட்ட ஆங்கில ஆக்கம். பிட்ஜெரால்டோ மூலத்தைத் தம் விருப்பம்போல் இணைத்தும் மாற்றியும் அமைத்துக்கொண்டவர். நிஷாப்பூரில் பிறந்த வரலாற்றுக் கய்யாம், முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வளைவுகளின் துணையால் தீர்த்த கணித அறிஞர். 1079இல் நடைமுறைக்கு வந்த துல்லியமான நாட்காட்டியை உருவாக்கிய குழுவில் இடம்பெற்ற வானியலாளர். மதுக்கிண்ணம் ஏந்திய கவிஞராக மட்டும் அவர் உலகை வலம் வந்தது எவ்வாறு என்பதே, ஈரானைப் பற்றிய செய்தி எவ்வாறு பயணம் செய்கிறது என்பதற்கு இனியதொரு சான்று.

தெரிந்து தெளிவோம்

தர்பார், சர்க்கார், பஜார், ஜமீன்தார், குமாஸ்தா, சிபாரிசு, ரசீது, பந்தோபஸ்து, சால்வை ஆகியன பாரசீக மூலமுடைய சொற்கள். பாரசீகம் இந்தியாவில் ஆட்சிமொழியாக விளங்கிய காலத்தில் உருது முதலிய மொழிகளின் வழியாக இவை தமிழுக்கு வந்தன. தொடர்பு அதற்கும் பழமையானது. சென்னை பரங்கிமலைத் தேவாலயத்திலுள்ள கற்சிலுவையில் பகலவி எழுத்தில், இடைக்காலப் பாரசீக மொழியில் ஒரு பொறிப்பு உள்ளது. ஈரானிலிருந்து வந்த சொராஸ்திரியரின் வழிவந்த பார்சிகளுக்குச் சென்னை இராயபுரத்தில் 1910 முதல் ஒரு தீக்கோயில் இருக்கிறது.

புத்தாண்டும் உபசாரமும்

ஈரானின் ஆண்டு, கதிரவன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் மார்ச்சு மாதச் சம இரவு பகல் நொடியில் பிறக்கிறது. அந்நொடி விடியற்காலை மூன்று மணிக்கு வந்தாலும் குடும்பம் விழித்திருக்கும். 'நவ்ரோஸ்' எனப்படும் இப்புத்தாண்டில் 'சீன்' என்னும் எழுத்தில் பெயர் தொடங்கும் ஏழு பொருள்களை விரிப்பில் வைப்பர். முளைவிட்ட தானியம், கோதுமைக் களி, பூண்டு, ஆப்பிள், வினிகர் முதலியன அவற்றுள் அடங்கும். அருகே சிலர் குர்ஆனை வைப்பர். சிலர் ஹாபிசை வைப்பர். இரண்டையும் வைப்போர் உண்டு. ஆண்டின் கடைசிச் செவ்வாய் இரவில் தெருவில் நெருப்பு மூட்டித் தாண்டுவர். பதின்மூன்றாம் நாள் வீட்டிலிருப்பது தீது எனக் கருதி, குடும்பத்தோடு வெளியே சென்று, முளைத்த பயிரை ஓடும் நீரில் விடுவர். 1979க்குப் பின் இவ்விழா இஸ்லாத்துக்கு முந்தையது என்று சில சமயத் தலைவர்கள் முகம் சுளித்தனர். மக்கள் விடவில்லை. அரசு அலுவலகங்கள் இன்றும் நவ்ரோசுக்கு விடுமுறை விடுகின்றன.

அயலவரைத் திகைக்க வைக்கும் இன்னொரு வழக்கம் 'தாரோப்'. கடைக்காரரிடம் விலை கேட்டால், தங்களுக்கு முன் இது ஒன்றும் பெறாது, விலை வேண்டா என்பார். அதை மெய்யென்று கொண்டு பொருளை எடுத்துச் செல்வது பெரும்பிழை. வாங்குபவர் மீண்டும் கேட்க, அவர் மீண்டும் மறுக்க, மூன்றாம் முறை விலை வெளிவரும். விருந்தினர் முதன்முறை தேநீரை மறுப்பதும், வீட்டார் வற்புறுத்துவதும், வாயிலில் இருவர் ஒருவரையொருவர் முன்னே செல்லுமாறு வேண்டி நெடுநேரம் நிற்பதும் இவ்வழக்கத்தின் கூறுகளே. இதனைப் பொய்ம்மை என்று எழுதிய பயணிகள் உண்டு. எதிரே நிற்பவரின் மதிப்பை முதலில் காத்துவிட்டு, அதன் பின்னரே கொடுக்கல் வாங்கலைத் தொடங்கும் நாகரிகமாக இதனைக் காண்பதே பொருத்தம்.

அரசனுக்கு வரம்பு

1890இல் ஈரானிய மன்னர் நாட்டின் புகையிலை வணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். உழவரும் வணிகரும் கொதித்தெழுந்தனர். 1891 டிசம்பரில், இந்நிலை நீடிக்கும்வரை புகையிலையைத் தொடலாகாது என்னும் சமயக் கட்டளை மிர்சா ஷிராசி என்னும் தலைவர் பெயரில் பரவியது. நாடு முழுவதும் புகைக்குழாய்கள் அணைந்தன. அரண்மனைப் பெண்டிரும் புகைக்க மறுத்தனர் என்பர். 1892இல் மன்னர் உரிமையைத் திரும்பப் பெற்றார்.

அரசனைப் பணியச் செய்ய முடியும் என்று அறிந்த மக்கள் அடுத்து அரசமைப்பைக் கேட்டனர். 1906ஆம் ஆண்டுக் கோடையில், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வணிகரும் கைவினைஞரும் தெஹ்ரானிலிருந்த பிரித்தானியத் தூதரகத் தோட்டத்தில் அடைக்கலம் புகுந்து கடைகளை அடைத்தனர். தொழிற்குழு ஒவ்வொன்றும் தனித்தனியே கூடாரம் அமைத்தது. பெருங்கொப்பரைகளில் சோறு வெந்தது. கூடாரங்களில் நாடாளுமன்றம் என்றால் என்ன, வாக்குரிமை என்றால் என்ன என்று கற்றோர் விளக்கினர். அவ்வாண்டே நாடாளுமன்றமான மஜ்லிஸ் கூடியது. டிசம்பரில் மன்னர் அரசமைப்பில் கையொப்பமிட்டார். ஆசியாவின் தொடக்ககால அரசமைப்புப் புரட்சிகளுள் இது ஒன்று. பெண்களுக்கு அதில் வாக்குரிமை இல்லை.

1908இல் அடுத்த மன்னர் நாடாளுமன்றத்தைப் பீரங்கியால் தகர்த்தார். தப்ரீஸ் நகரம் அடிபணிய மறுத்தது. முற்றுகையிடப்பட்ட அந்நகரில் பணியாற்றிய ஹோவர்டு பாஸ்கர்வில் என்னும் அமெரிக்க ஆசிரியர், தம் மாணவர்களோடு களமிறங்கி 1909 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்தார். வயது 24. ஈரானின் அரசமைப்புக்காக உயிர் நீத்த அமெரிக்கர் ஒருவரின் கல்லறை இன்றும் தப்ரீசில் இருக்கிறது.

எண்ணெயின் வரலாறு இதனினும் கசப்பானது. 1901இல் அளிக்கப்பட்ட உரிமையின்படி, நிகர ஆதாயத்தில் 16 விழுக்காடே ஈரானுக்கு உரியது. 1908இல் எண்ணெய் கிடைத்தது. 1914இல் எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பங்கைப் பிரித்தானிய அரசே வாங்கியது. ஆபாதானில் உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளுள் ஒன்று எழுந்தது. அதைச் சுற்றித் தொழிலாளரின் குடிசைகளும் எழுந்தன. 1951இல் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அதற்காகப் போராடிய முகமது மொசாதேக் தலைமை அமைச்சரானார். பிரித்தானியா பன்னாட்டு நீதிமன்றத்தை நாடியது. இவ்வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 1952இல் அந்நீதிமன்றம் கூறிவிட்டது. மேலைநாட்டு இதழ்களோ மொசாதேக்கைக் கட்டிலில் கிடந்து கண்ணீர் வடிக்கும் கிழவராகச் சித்திரித்தன. 1953 ஆகஸ்டு 19ஆம் நாள் அமெரிக்க, பிரித்தானிய உளவு நிறுவனங்கள் திட்டமிட்ட ஆட்சிக் கவிழ்ப்பில் அவர் வீழ்ந்தார். மூன்றாண்டுச் சிறைக்குப் பின் 1967இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். அக்கவிழ்ப்பில் தன் பங்கை அமெரிக்க உளவு நிறுவனம் ஒப்புக்கொள்ளும் ஆவணங்கள் வெளிவந்தது 2013இல்தான். 1979இல் தூதரக வாயிலில் நின்ற படப்பிடிப்புக் கருவிகளின் பார்வையில் படாத முன்கதை இது. பிணைக்கைதிகளின் துன்பத்தை இது நியாயப்படுத்தாது. அச்சினம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் விளக்கும்.

புரட்சியும் அதன் பின்னும்

1979ஆம் ஆண்டுப் புரட்சியைச் சமயத் தலைவர்கள் மட்டும் நடத்தவில்லை. வணிகர், மாணவர், எண்ணெய்த் தொழிலாளர், இடதுசாரியர், தாராளவாதியர் எனப் பலரும் மன்னரின் இரகசியக் காவல்படையை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். வெற்றிக்குப் பின் கொமெய்னியின் வழி நின்றோர் ஏனையோரைப் படிப்படியாக ஒடுக்கினர்.

புதிய அரசமைப்பு இரு வேறு கொள்கைகளை ஒரே கட்டடத்தில் குடியமர்த்தியது. மக்கள் குடியரசுத் தலைவரையும் நாடாளுமன்றத்தையும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். அவர்களுக்கு மேலே சமய அறிஞரான உயர் தலைவர் இருப்பார். படையும் நீதித்துறையும் அவர் பொறுப்பு. பன்னிருவர் கொண்ட காவலர் மன்றம் சட்டங்களை மறுக்கலாம். தேர்தலில் யார் நிற்கலாம் என்றும் முடிவு செய்யலாம். அம்மன்றத்தின் அறுவரை உயர் தலைவரே நேரடியாக அமர்த்துவார். இக்கட்டுக்குள்ளும் மக்கள் வியப்பளித்தனர். 1997இல் சீர்திருத்தம் பேசிய கத்தாமியை இரண்டு கோடி வாக்குகளால் வெற்றிபெறச் செய்தனர். 2009இல் தம் வாக்கு எங்கே என்று கேட்டு இலட்சக்கணக்கில் திரண்டனர், அப்போராட்டம் ஒடுக்கப்பட்டது.

1980 முதல் 1988 வரை ஈராக்குடன் நடந்த போர், ஈரானியர் நினைவில் ஆறாத புண். 1987 ஜூன் 28ஆம் நாள் சர்தஷ்த் என்னும் குர்து நகரின் மீது ஈராக் நச்சுவளிக் குண்டுகளை வீசியது. உலக வல்லரசுகள் பெரும்பாலும் ஈராக்கின் பக்கமே நின்றன. 1988 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரானியப் பயணியர் வானூர்தியைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர்.

குழந்தைகள் சொன்ன கதை

1965இல் தெஹ்ரானில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்காக ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. நூலகங்களை அமைத்த அந்நிறுவனம் திரைப்படமும் எடுத்தது. அங்கே பயின்று வளர்ந்தவர் அப்பாஸ் கியாரொஸ்தமி. நண்பனின் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுக்க ஊர் ஊராக ஓடும் சிறுவனைப் பற்றி 1987இல் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஒரே இணைக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளி செல்லும் அண்ணன் தங்கையின் கதையை மஜீத் மஜீதி 1997இல் எடுத்தார். அதனைத் தழுவித் தமிழில் 'அக்கா குருவி' வெளிவந்தது. அஸ்கர் பர்ஹாதியின் 2011ஆம் ஆண்டுப் படத்தில் மனைவி வெளிநாடு செல்ல விரும்புகிறாள். மறதிநோயுற்ற தந்தையை விட்டுச் செல்லக் கணவனால் இயலவில்லை. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆஸ்கர் விருது பெற்ற அப்படத்தில் அணு உலை இல்லை, முழக்கம் இல்லை.

தணிக்கைதான் இக்கலையைச் செழிக்கச் செய்தது என்று கூறுவோர் உண்டு. அது தணிக்கைக்கு அளவிறந்த பெருமை சேர்ப்பதாகும். ஜாபர் பனாஹிக்கு 2010இல் ஆறாண்டுச் சிறையும், இருபதாண்டுகள் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. அவர் தம் வீட்டுக்குள்ளேயே படமெடுத்து, அதற்கு 'இது திரைப்படம் அன்று' எனப் பெயரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினார். 2025இல் கான் திரைவிழாவின் முதற்பரிசைப் பெற்றவர் அவரே.

பெண்கள்

1936இல் ரேசா ஷா, பெண்கள் முக்காடு அணிவதைத் தடை செய்தார். காவலர்கள் தெருவில் அதனைப் பறித்தெறிந்தனர். முதிய பெண்டிர் பலர் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தினர். 1979க்குப் பின் வந்த அரசு முக்காட்டைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் ஆயிரக்கணக்கான பெண்கள் அதனை எதிர்த்துத் தெஹ்ரானில் அணிவகுத்தனர். ஒரு மன்னர் கழற்றச் சொன்னார். ஒரு குடியரசு அணியச் சொன்னது. இருவருமே பெண்களைக் கேட்கவில்லை.

ஆயினும், இக்காலத்தில்தான் பெண்கல்வி பரவியது. 1976இல் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். 2016இல் ஐந்தில் நால்வருக்கும் மேல். சிற்றூர்தோறும் நலவாழ்வு இல்லங்கள் திறக்கப்பட்டன. 1980களின் நடுவில் பெண்ணொருத்திக்கு ஆறுக்கும் மேலாக இருந்த பிள்ளைப்பேறு, 2000ஆம் ஆண்டளவில் இரண்டை ஒட்டிக் குறைந்தது. 2000க்குப் பின் பல்கலைக்கழகத்தில் நுழைவோருள் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களே. மகளை நகருக்கு அனுப்பத் தயங்கிய பழமைவாதக் குடும்பங்கள், சமய அரசின் பள்ளி என்ற நம்பிக்கையில் அனுப்பின. அவ்வாறு படித்த தலைமுறை பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்து கேள்வி கேட்டது. புரட்சிக்குப் பின் நீதிபதிப் பதவியை இழந்த ஷிரின் எபாதி வழக்கறிஞராகப் போராடி 2003இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். 2023இல் அதே பரிசு நர்கிஸ் முகமதிக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் தெஹ்ரான் சிறையில் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், முக்காட்டை முறையாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட 22 வயது குர்துப் பெண் மஹ்சா அமினி காவலில் உயிரிழந்தார். 'பெண், வாழ்வு, விடுதலை' என்ற குர்து முழக்கம் நாடெங்கும் எழுந்தது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அதன் பின் பெருநகரங்களில் முக்காடின்றி நடக்கும் பெண்கள் அன்றாடக் காட்சியாயினர், சட்டம் மாறவில்லை.

1977இல் தெஹ்ரானில் பிறந்த மரியம் மிர்சாகானி, பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தங்கப் பதக்கம் வென்றார். இரண்டாம் முறை முழு மதிப்பெண் பெற்றார். ஷரீப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்று, 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதாகிய பீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதற்பெண் ஆனார். 2017 ஜூலையில் நாற்பதாம் வயதில் நோயால் இறந்தார். அதையடுத்து ஈரானிய நாளிதழ்கள் சில வழக்கத்தை மீறி, முக்காடு இல்லாத அவருடைய படத்தை முதற்பக்கத்தில் வெளியிட்டன. மற்றுமொரு கேள்வியும் எழுந்தது. அவருடைய கணவர் வெளிநாட்டவர். ஈரானியச் சட்டப்படி குடியுரிமை தந்தை வழியே வரும். எனவே, நாடு போற்றிய அந்த அறிஞரின் மகளுக்கு ஈரானியக் குடியுரிமை இல்லை. ஈரானில் வாழும் ஆப்கானியத் தந்தையர்க்கும் ஈரானியத் தாய்மார்க்கும் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகள் அடையாள அட்டையின்றிப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலைந்தது அக்குறையால்தான். அவர்களுக்காக நெடுங்காலமாகப் போராடியோர் இம்முறை மிர்சாகானியின் பெயரை முன்வைத்தனர். அறுபது உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் சட்டத்திருத்தத்தை விரைவுபடுத்தக் கோரினர். 2019இல் தாய் வழியாகவும் குடியுரிமை கோரலாம் என்னும் சட்டம் நிறைவேறியது. காவலர் மன்றமும் அதற்கு இசைவளித்தது. மறு ஆண்டு அப்பிள்ளைகள் தம் முதல் அடையாள அட்டைகளைப் பெறத் தொடங்கினர்.